முடிவை முதலில் வையுங்கள்: அறிவியல், தொழில்நுட்பத் துறைகளின் மூத்த பெண்களுக்கான பேச்சு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலைகள் வந்துவிடும். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இன்று அங்கே செயல்முறைப் பொறியாளராகவோ தர நிர்வாகியாகவோ செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத் தலைவராகவோ இருக்கும் பெண்களுக்காக எழுதியது இது. பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களை மனத்தில் வைத்திருக்கிறோம். வேலை தெரியாதவர் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இருபது நிமிடம் விளக்கிய பிறகும் கூட்டத்தின் முடிவு வேறொருவர் வாயிலிருந்துதான் வருகிறது.

இதற்குத் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று பெயர் வைத்து ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன் மாறும் என்று அங்கே சொல்வார்கள். 2010-இல் வந்த அந்த ஆய்வின் ஹார்மோன் முடிவு, பின்னால் நடந்த பெரிய சோதனைகளில் கிடைக்கவில்லை. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரே 2016-இல் அதைக் கைவிட்டார். 'பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு' என்பதும் அப்படித்தான். 1960-களில் ஒற்றைச் சொற்களின் உணர்ச்சித் தொனியைப் பற்றி நடந்த சோதனைகளை எல்லாப் பேச்சுக்கும் நீட்டிச் சொல்கிறார்கள். பொறியியல் கூட்டத்தில் சொல்தான் பெரும்பங்கு. கோளாறு பெரும்பாலும் குரலில் இல்லை, எதை எதற்குப் பின் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது.

படி 1: தீர்மான வாக்கியத்தை எழுதுங்கள்

பல்கலைக்கழகம் நமக்குப் பழக்கிய வரிசை இது: பின்னணி, முறை, தரவு, முடிவு, கடைசியில் பரிந்துரை. ஆய்வுக் கட்டுரைக்கு அது சரி. கூட்டத்தில் பின்னணி முடிவதற்குள் மேலாளரின் கைப்பேசி அடிக்கும், நிதிப் பிரிவுக்காரர் குறுக்கே ஒரு கேள்வி போடுவார், பரிந்துரைக்கு வரும்போது நேரம் முடிந்திருக்கும். அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஓர் அட்டையில் இருபது சொற்களுக்குள் ஒரு வாக்கியம் எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும், யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பது அதில் இருக்க வேண்டும். செய்யாவிட்டால் என்ன போகும் என்பதற்கு அடுத்த வரி. செம்பனை ஆலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பழத்தைப் பிழியும் இயந்திரம்தான் பிரஸ்; அதன் ஸ்க்ரூ தேய்ந்தால் பிழிந்த நாரில் எண்ணெய் தங்கிவிடும். வழக்கமாகச் சொல்வது இப்படி இருக்கும்:

"மூணு வாரமா பிரஸ் நார்ல எண்ணெய் இழப்பைப் பார்த்துட்டு வர்றோம். சில மாதிரியில கொஞ்சம் கூடுதலா இருக்கற மாதிரி தெரியுது. ஸ்க்ரூ தேய்ஞ்சிருக்கலாம்னு ஒரு எண்ணம். முடிஞ்சா ஒரு தடவை பார்த்தா நல்லது."

மாற்றி எழுதினால்:

"இரண்டாம் பிரஸ்ஸின் ஸ்க்ரூவை வரும் ஞாயிறு பராமரிப்புப் பிரிவு மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7,200 வெள்ளி நஷ்டம்."

அந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுவது? மணிக்கு 45 டன் குலை அரைக்கும் ஆலை 20 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 900 டன். எண்ணெய் எடுப்பு விகிதம் (குலை எடையில் எத்தனை விழுக்காடு எண்ணெயாகிறது என்பது) 0.2 புள்ளி குறைந்தால் 1.8 டன் எண்ணெய் போகிறது. டன் 4,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் 7,200. உங்கள் ஆலையின் அளவையும் அன்றைய விலையையும் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு அட்டையின் பின்பக்கத்தில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் திருப்பிக் காட்டுங்கள். '0.2 புள்ளி' என்று மட்டும் சொன்னால் ஆலைப் பொறியாளருக்கு உறைக்கும், நிதிப் பிரிவுக்கு உறைக்காது.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ஒரே வாக்கியத்தில் இரண்டு கோரிக்கைகளை வைப்பது. கேட்பவர் எளிதானதை ஏற்றுக்கொண்டு கடினமானதை மறந்துவிடுவார். மற்றது இன்னும் பெரிது: தன் அதிகாரத்துக்குள் இருக்கும் காரியத்துக்கு அனுமதி கேட்பது. உங்கள் கையெழுத்துக்கு எத்தனை வெள்ளி வரை செல்லும் என்பதை நிறுவனத்தின் அதிகார வரம்பு அட்டவணையில் இன்றே பாருங்கள். அந்த வரம்புக்குள் இருந்தால் 'அனுமதி வேண்டும்' என்ற பேச்சே வேண்டாம். 'ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறோம், எட்டு மணி நேரம் பிரஸ் நிற்கும்' என்று தகவலாகச் சொல்லுங்கள். கேட்காத இடத்தில் கேட்டுப் பழக்கினால், கேட்க வேண்டிய இடத்தில் உங்கள் கோரிக்கைக்கு எடை இருக்காது.

படி 2: ஐயத்தைச் சொல்லுங்கள், தயங்காமல்

அறிவியல் படித்தவர்களுக்கு இது கடினமான இடம். தரவில் ஐயம் இருக்கிறது. அதை மறைத்தால் பொய். ஆனால் 'இருக்கலாம்', 'மாதிரி தெரியுது', 'ஐ திங்க்', 'சாரி, சரியா இருக்குமான்னு தெரியல' என்று எல்லா வாக்கியத்திலும் தூவிவிட்டால், எந்த ஐயம் தரவில் இருக்கிறது, எது பேசுபவரின் கூச்சம் என்று கேட்பவருக்குப் பிரித்தறிய முடியாது. ஐயத்தை ஒரே இடத்தில் வைத்து, அளவோடும் தேதியோடும் சொல்லுங்கள். தெரிந்தது இது, தெரியாதது இது, இந்த நாளில் தெரியும், அதுவரை இதைச் செய்கிறோம்.

ஆலைக் கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதைக் காட்டும் அளவு பி.ஓ.டி.; அதையே வேதிப்பொருளால் விரைவாக அளப்பது சி.ஓ.டி. செம்பனை ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்புக் குளத்துக்குள் போகும்போது பி.ஓ.டி. ஒரு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆற்றுக்குள் விடும்போது 1977-ஆம் ஆண்டு விதிகளின்படி 100-ஐத் தாண்டக் கூடாது. சில ஆலைகளின் உரிமத்தில் வரம்பு அதைவிடக் கடுமையாக இருக்கும். பி.ஓ.டி. சோதனை இங்கே 30 பாகை வெப்பத்தில் 3 நாள். செவ்வாய்க்கிழமை எடுத்த மாதிரியின் முடிவு வெள்ளிக்கிழமைதான் வரும். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலையே மேலாளர் கேட்பார்: "தண்ணிய விடலாமா வேண்டாமா?"

'வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது சார்' என்றால் முடிவு உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. இப்படிச் சொல்லலாம்: "இன்றைக்கு விட வேண்டாம். சி.ஓ.டி. சோதனை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது. போன வாரத்தைவிட இரண்டு மடங்கு காட்டுகிறது. நம் குளத்துப் பழைய பதிவுகளின்படி சி.ஓ.டி. இந்த அளவுக்கு ஏறினால் பி.ஓ.டி. வரம்பைத் தொடும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உறுதியான எண் தருகிறேன். அதுவரை கடைசிக் குளத்தின் மதகு மூடியிருக்கட்டும்." இரண்டு சோதனைகளுக்கும் உள்ள விகிதம் ஆலைக்கு ஆலை மாறும், பாடப்புத்தகத்து விகிதத்தை நம்பிச் சொல்லாதீர்கள், உங்கள் குளத்தின் பதிவேட்டிலிருந்து எடுங்கள். இங்கே ஐயம் மறைக்கப்படவில்லை. ஐயத்துக்குத் தேதி குறித்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பின்வாங்கும் சொற்களைக் களைய எளிய வழி: உங்கள் அடுத்த இணையக் கூட்டத்தைப் பதிவு செய்யச் சம்மதம் வாங்கி, பிறகு உங்கள் பகுதியை மட்டும் கேட்டு, ஒவ்வொரு 'கொஞ்சம்', 'சும்மா', 'சாரி'க்கும் ஒரு கோடு போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிறுத்த முயலாதீர்கள். பேச்சு இயந்திரம் போலாகிவிடும். அதிகமாக வரும் ஒரு சொல்லை மட்டும் எடுத்து ஒரு மாதம் கவனியுங்கள்.

படி 3: கூட்டத்துக்கு முன்பே கூட்டம்

பல முடிவுகள் கூட்ட அறையில் பிறப்பதில்லை. முந்தின இரவு மமாக் உணவுக்கடையில், டீயும் ரொட்டி சானாயும் முடிவதற்குள் பாதி பேசியாகிவிடும். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் துய்சனிலிருந்து ஏற்றி வருபவர் மறுநாள் முடிந்துபோன விஷயத்துக்குப் போய் உட்கார வேண்டியிருக்கிறது. மமாக் கடைக்கு நீங்களும் போக வேண்டும் என்பதில்லை. முந்தின நாள் காலை எட்டரை மணிக்குப் பத்து நிமிடத் தொலைபேசி அழைப்பு போதும், ஆனால் மூன்று பேருக்கு: முடிவெடுப்பவர், பணம் கொடுப்பவர், எதிர்ப்பவர். எதிர்ப்பவரைத்தான் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். "நாளைக்கு இதைக் கேட்கப்போகிறேன். உங்களுக்கு இதில் எது இடிக்கும்?" என்று கேட்டு, அவர் சொன்ன தடையை நீங்களே கூட்டத்தில் எடுத்து வைத்துப் பதில் சொல்லுங்கள்.

பெயரும் விளிப்பும்

தோட்டப்புற ஊரில் இது சின்ன விஷயமில்லை. அப்பாவோடு ரப்பர் மரத்தில் பால்வெட்டியவரே இன்று உங்கள் ஆலையில் மண்டோராக (ஆட்களின் மேற்பார்வையாளராக) இருக்கலாம். அவர் வாயில் நீங்கள் 'பாப்பா'தான். ஆலைத் தளத்தில் 'அக்கா' என்று கூப்பிடுவதைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், அதில் மரியாதை குறையவில்லை. ஆனால் தலைமையகக் கூட்டத்தில் ஆண் சக ஊழியரை 'டாக்டர்' என்றும் உங்களை வெறும் பெயரிலும் அழைத்தால், அதைச் சபையில் திருத்துவதைவிட முன்கூட்டியே தடுப்பது எளிது. கூட்டத் தலைவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "என்னை அறிமுகப்படுத்தும்போது இப்படிச் சொல்லலாம்: டாக்டர் இன்னார், தர உறுதிப் பிரிவுத் தலைவர்." எழுதிக் கொடுத்ததைப் பெரும்பாலும் அப்படியே வாசிப்பார்கள்.

நம் அடையாள அட்டையில் அப்பா பெயருக்கு முன் வரும் 'ஏ/பி' (இன்னாரின் மகள்) வழக்கத்தால் இன்னொரு சிக்கலும் வருகிறது. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று நினைக்கும் வெளிநாட்டுத் தலைமையகம் உங்களை அப்பாவின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். மின்னஞ்சல் கையெழுத்திலும் இணையக் கூட்டப் பெயரிலும் எப்படி அழைக்க வேண்டுமோ அதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

படி 4: அறைக்குள்

முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது பேசுங்கள். நிகழ்ச்சி நிரலைப் பற்றிய ஒரு கேள்வியாக இருந்தாலும் போதும். நேரம் போகப் போக முதல் சொல் கனத்துக்கொண்டே போகும்.

குறுக்கிட்டால் குரலை உயர்த்தாதீர்கள், நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். அதே வேகத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல் வரைக்கும் போங்கள். மீண்டும் குறுக்கிட்டால் அவர் முகத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம், முடிச்சிடறேன்." மலாயில்: "செபந்தார், சாயா ஹாபிஸ்கான் டுலு." இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மொழி மாறும் நொடியில்தான் சொல் கிடைக்காமல் பின்வாங்குகிறோம். இதே காரணத்தால் தீர்மான வாக்கியத்தையும் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அட்டையில் எழுதி வையுங்கள். சுற்றுச்சூழல் துறை அதிகாரி வந்து நிற்கும்போது மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

நீங்கள் சொன்னதை இன்னொருவர் பத்து நிமிடம் கழித்துத் தன் யோசனையாகச் சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. 'அதை நான்தான் முதல்ல சொன்னேன்' என்றால் சண்டையாகத் தெரியும். "ஆமாம், நான் திங்கட்கிழமை அனுப்பிய தாளில் இருக்கும் வழி அது. செலவுக் கணக்கு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, பார்ப்போமா?" என்று வேலையை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். ஒபாமா ஆட்சியில் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள்: ஒருவர் சொன்ன நல்ல யோசனையை இன்னொருவர் அவர் பெயரைச் சொல்லித் திரும்பச் சொல்வது. அறையில் இரண்டு பேர் இருந்தாலே இது நடக்கும். அந்த இரண்டாமவர் ஆணாகவும் இருக்கலாம்.

மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதும் வேலை எப்போதும் உங்களிடம் வந்தால், 'இந்த மாதம் நான், அடுத்த மாதம் பராமரிப்புப் பிரிவு' என்று சுற்றுக்கு விடுங்கள். எழுதிக்கொண்டே வாதாட யாராலும் முடியாது.

சத்தத்தில் பேசுவது

2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளின்படி ஒரு நாளைக்கான வரம்பு 85 டெசிபெல். கொதிகலன் கூடமும் பிரஸ் மேடையும் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே கத்தினால் குரல் கீச்சென்று மேலே போகும், 'மேடம் கோபத்தில் இருக்காங்க' என்ற பேச்சுதான் மிஞ்சும். காதடைப்பான் போட்டிருந்தால் எதிர்மாறாக நடக்கும்: உங்கள் குரல் உங்களுக்குள்ளேயே பெரிதாகக் கேட்பதால் தெரியாமலே தாழ்த்திப் பேசுவீர்கள். முக்கியமான உத்தரவை அங்கே கொடுக்காதீர்கள். ஆளை வெளியே கூட்டி வந்து, நின்று, சொல்லுங்கள். பிறகு 'புரிஞ்சதா?' என்று கேட்காதீர்கள். 'புரிஞ்சது மேடம்' என்றுதான் பதில் வரும். "எந்த வால்வை முதல்ல மூடுவீங்க, சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள்.

காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்கள் கூடி நிற்கும் இடத்தில்) பேசுவது இன்னும் சுருக்கம்: மூன்று வாக்கியத்துக்கு மேல் போனால் யாருக்கும் நிற்காது.

இணையக் கூட்டத்துக்கு ஒரு குறிப்பு. தகரக் கூரை போட்ட ஆய்வுக்கூடத்தில் மாலை நான்கு மணி அழைப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மழை வந்து உங்கள் சொல்லை மூடிவிடும். காலைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் வாய்க்கு அருகே மைக் வரும் ஹெட்செட் வேண்டும்.

கெட்ட செய்தியைச் சொல்வது

இரவு இரண்டு மணிக்கு மேலாளரை எழுப்ப நான்கு வாக்கியம் போதும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்குப் பரவிய முறை இது: என்ன நடந்தது, அதற்கு முன் என்ன இருந்தது, என் கணிப்பு என்ன, உங்களிடம் என்ன வேண்டும். "கொதிகலன் 1.40-க்கு நின்றது. நேற்றிலிருந்து நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஊட்டு நீர்ப் பம்ப்பில் கோளாறு என்று நினைக்கிறேன். காலை ஆறு மணிக்கு வரும் குலை லாரிகளை நிறுத்தச் சொல்ல உங்கள் ஒப்புதல் வேண்டும்." மூன்றாவது வாக்கியத்தில் 'நினைக்கிறேன்' வரலாம், அது கணிப்புக்கான இடம். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டுச் சொல்லியாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். இருபது பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள், பொறுப்பு யாருக்கும் போயிருக்காது.

மறுக்க வேண்டிய நேரம்

1960 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரான்சிஸ் கெல்சியின் மேசைக்குத் தாலிடோமைடு என்ற தூக்க மருந்தின் விண்ணப்பம் வந்தது. ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மருந்து அது. நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியது, அவருடைய மேலதிகாரிகளிடமும் போனது. அவர் வாக்குவாதத்தில் இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் எந்தத் தரவு இல்லை என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டார். அந்த மருந்தால் குழந்தைகள் உடற்குறையோடு பிறப்பது 1961 கடைசியில் தெரியவந்தது. 1962 மார்ச்சில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

அவர் முறையை நம் வேலைக்கு இப்படிக் கொண்டுவரலாம்: 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்று சொல்லாதீர்கள். "இந்த லாட்டை விடுவிக்க மூன்று ஆவணம் வேண்டும், இரண்டு இருக்கிறது, வெப்பச் சுழற்சிச் சோதனையின் முடிவு இல்லை. அது வந்த அன்றே கையெழுத்திடுகிறேன்." மறுப்பு உங்களைப் பற்றியதாக இல்லாமல் காகிதத்தைப் பற்றியதாகிவிடுகிறது. ஆள் உயிருக்கு ஆபத்து என்றால் காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டம், உடனடி ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்கே கொடுத்திருக்கிறது. 'நிறுத்துங்கள்' என்ற ஒரே சொல் போதும், விளக்கம் பிறகு.

துறைக்கு வெளியே இருப்பவரிடம்

2013 ஜூலையில் மலேசிய செம்பனை வாரிய விஞ்ஞானிகள் செம்பனையின் மரபணுத் தொகுப்பையும், கொட்டையின் ஓட்டுத் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவையும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அந்தப் பணியை வழிநடத்தியவர்களில் ஒருவர் டத்தோ டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. இதைத் தோட்ட நிர்வாகியிடம் எப்படிச் சொல்வீர்கள்? மரபணுவின் பெயரில் தொடங்கினால் அவர் கவனம் போய்விடும். அவர் பணத்தில் தொடங்குங்கள்: "மெல்லிய ஓட்டு மரம், தடித்த ஓட்டு மரத்தைவிட 30 விழுக்காடு அதிக எண்ணெய் தரும். எது எந்த ரகம் என்று முன்பு காய்த்த பிறகுதான் தெரிந்தது. இப்போது நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்துப் பிரிக்கலாம்." மரபணு நான்காவது வாக்கியத்தில் வரட்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசினாலும் வரிசை இதுதான்.

உங்கள் உழைப்பைச் சொல்லும்போது

ஆண்டு மதிப்பீட்டில் 'எல்லாம் டீம் வேலைதான்' என்று முடித்துவிட்டால் மதிப்பெண் டீமுக்குத்தான் போகும். இரண்டையும் பிரியுங்கள்: "ஆறு பேர் சேர்ந்து செய்தோம். எந்தச் சோதனையை நிறுத்துவது என்ற முடிவை நான் எடுத்தேன். கழிவு இவ்வளவு குறைந்தது." அடக்கமும் கெடவில்லை, உங்கள் பங்கும் காணாமல் போகவில்லை. இப்படிச் சொல்லத் தேவையான எண்களை டிசம்பரில் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மூன்று வரி எழுதி வையுங்கள்.

கடைசிப் படி: கூட்டம் முடிந்த அன்றே

இரண்டு மணி நேரத்துக்குள் மின்னஞ்சல் போக வேண்டும். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: எடுத்த முடிவு, செய்பவர் பெயர், தேதி, செலவு, தீராமல் நிற்கும் ஒரு கேள்வி. 'நான் தவறாகப் புரிந்திருந்தால் மன்னிக்கவும்' என்று ஆரம்பிக்காதீர்கள். "புதன்கிழமை மதியத்துக்குள் திருத்தம் வராவிட்டால் இப்படியே தொடங்குகிறோம்" என்று முடியுங்கள். புதன்கிழமை மதியம் பதில் எதுவும் வரவில்லை என்றால் மீண்டும் நினைவூட்ட வேண்டியதில்லை. பராமரிப்புப் பிரிவுக்கு வேலை ஆணையை அனுப்பிவிடுங்கள்.